மருந்தின் அளவும் நம் பொறுப்பும்

(புதுச்சத்திரத்தில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரை)

 

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களுள் மருந்தையும் ஒன்றாக வைத்தனர் நம் முன்னோர். பதினெண்கீழ்க்கணக்கில் சமணச் சான்றோர் இயற்றிய சிறுபஞ்சமூலமும் ஏலாதியும் மருந்தின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. ஐந்து வேர்களும் ஆறு சரக்குகளும் உரிய அளவிற் சேர்ந்தாலன்றி மருந்தாகா என்று வகுப்பறையில் பல்லாண்டுகள் பாடம் சொன்னவன் நான். அளவறியாது மருந்து கொடுத்து உடன்பிறந்தவனைத் துன்பத்திற்கு உள்ளாக்கியவனும் நானே. அதனை ஒளிக்காமற் சொல்லவே இப்பொருளைத் தேர்ந்தேன்.

என் தம்பிக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டது. மருத்துவர்கள் இம்யூனோதெரபி என்னும் எதிர்ப்பாற்றல் சிகிச்சையைத் தொடங்கினர். நம் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் வரம்பு கடந்து போரிடாதவாறு அவற்றைக் கட்டி வைக்கும் தளைகள் உண்டு. புற்றுநோய் அத்தளைகளைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டு தப்பிவிடுகிறது. தளையை அவிழ்த்துவிட்டால் வெள்ளணுக்களே புற்றைத் தாக்கும். இவ்வுண்மையைக் கண்ட அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஆலிசனும் சப்பானிய அறிஞர் தசுகு ஹோஞ்சோவும் 2018ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் தளை அவிழ்ந்த அணுக்கள் சிலருக்குத் தம் உடலையே பகையென எண்ணிவிடுகின்றன. குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு, தோல் என எவ்வுறுப்பும் புண்படலாம். மருந்தேற்றி வாரங்கள், சில வேளை மாதங்கள் கழிந்த பின்னும் இது நேரலாம்.

மூன்றாம் முறை மருந்தேற்றிய பின் தம்பிக்கு வயிற்றுப்போக்குத் தொடங்கியது. உணவு ஒவ்வாமல் போயிற்று என நானே முடிவு செய்தேன். வீட்டில் எஞ்சியிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கொடுத்தேன். அவை தீர்ந்ததும் மருந்துச் சீட்டின்றியே கடையில் வாங்கி வந்தேன். நான்கு நாட்கள் வீணாயின. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது நிற்கவும் வலுவற்றிருந்தான். அது கிருமியால் வந்ததன்று. அவிழ்த்துவிட்ட அணுக்கள் குடலைத் தாக்கியதால் வந்தது. அதற்கு மருந்து ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலை அடக்கும். அடங்கிய உடலில் கிருமி எளிதிற் புகும். சிறுநீர்க் குழாய் வழியே தொற்று ஏறிக் குருதியிற் கலந்தது. கல்ச்சர் பரிசோதனை முடிவு வந்தது. ஏறத்தாழ எல்லா மருந்துகளின் எதிரிலும் ‘கேளாது’ என்ற குறியே இருந்தது. எஞ்சியது கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால் இறுதிப் புகலாக மட்டுமே கொள்ளப்படும் பழைய மருந்து அது.

“அந்தக் கிருமி இங்கே தொற்றியதா, நான் கொடுத்த மாத்திரையால் வளர்ந்ததா?” என்று மருத்துவரிடம் கேட்டேன். “பிரித்துச் சொல்ல இயலாது ஐயா, இரண்டிற்கும் இடமுண்டு” என்றார். வேண்டாத வேளையில் மருந்து கொடுத்தால் எளிய கிருமிகள் மடியும். எதிர்த்து நிற்பவை மட்டும் பெருகும். பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங்கே 1945இல் தம் நோபல் உரையில் குறைந்த அளவு மருந்து கிருமியை வலுப்படுத்தும் என எச்சரித்துவிட்டார்.

கொலிஸ்டின் கதை நம் மாவட்டத்தையும் தொடுகிறது. நாமக்கல் முட்டைக்குப் பெயர் பெற்ற மண். நம் நாட்டில் கோழிகள் விரைந்து வளர வேண்டித் தீவனத்தில் கொலிஸ்டினைக் கலக்கும் வழக்கம் இருந்தது. அம்மருந்தை எதிர்க்கும் ஆற்றலை ஒரு கிருமி மற்றொன்றிற்குக் கைமாற்ற வல்லது என 2015இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2019 ஜூலையில் நடுவணரசு, உணவுக்கென வளர்க்கும் உயிர்களுக்கு அதனைத் தருவதைத் தடை செய்தது. நாம் புலால் உண்ணாதவர்தாமே என்று ஒதுங்கியிருக்க இயலாது. எருவும் நீரும் மருத்துவமனைக் கட்டிலும் அனைவர்க்கும் பொது.

இதற்கெனத் தமிழகம் முன்னின்ற வரலாறும் உண்டு. 2012 ஆகஸ்ட் 24 அன்று இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையிற் கூடின. மருத்துவர் அப்துல் கபூர் ஒருங்கிணைத்த அக்கூட்டத்தின் தீர்மானம் ‘சென்னைப் பிரகடனம்’ எனப் பெயர் பெற்றது. ஒரே நாளில் அனைத்தையும் தடுத்தால் மருத்துவர் இல்லாச் சிற்றூர்கள் தவிக்கும். ஆதலால் படிப்படியாகக் கட்டுப்படுத்துக என்றனர். 2014 மார்ச் முதல் எச்1 என்னும் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அதிலிருந்த 46 மருந்துகளுள் 24 ஆன்டிபயாடிக் வகையைச் சேர்ந்தவை. அவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காத்தல் வேண்டும். சட்டம் கடைவாசல் வரை வரும். வீட்டு அலமாரிக்குள் நாம்தாம் காவல்.

அன்பர்களே, என் பிழையிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பாற்றல் சிகிச்சை பெறுவோர் அதனைக் குறித்த அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள். பல் மருத்துவரிடம் சென்றாலும் காட்டுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், புதிய இருமல் கண்டால் அன்றே புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிவியுங்கள். பக்கவிளைவும் தொற்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். மருந்தோ நேர் எதிரானது. கல்ச்சர் எடுத்தாயிற்றா என்று மருத்துவரிடம் பணிவுடன் கேளுங்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். அட்டையில் செங்கோடு இட்ட மருந்தைச் சீட்டின்றி வாங்காதீர்கள். எஞ்சியதைப் பிறர்க்கு ஈயாதீர்கள். அது மருந்துத் தானம் ஆகாது. நோயாளியைக் காணச் செல்வோர் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கைகழுவுங்கள். நீரை வடிகட்டிப் பருகும் மரபினர்க்கு இது கடினமன்று.

வேண்டுமளவே கொள்ளுதல் நம் நோன்பு. அந்த அளவு நெல்லுக்கும் பொன்னுக்கும் மட்டும் உரியதன்று, மருந்துக்கும் உரியது. இன்று நாம் வீணே விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் நாளை வேறொருவர் உயிர்காக்க வேண்டிய மருந்தின் வலிமையைக் குறைக்கிறது.

இருபத்திரண்டு நாட்களுக்குப் பின் என் தம்பி வீடு திரும்பினான். இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். “அண்ணா, இதை நீங்களே மேடையில் சொல்லுங்கள், நாலு பேருக்குப் பயன்படும்” என்று என்னை அனுப்பியவனும் அவனே. சொல்லிவிட்டேன்.