பழைய வெர்ஷனை அழிக்கும் முன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் புள்ளியியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"வேலைக்குப் போறதுக்கு முன்னாடி என்ன சார் தெரிஞ்சிருக்கணும்?" என்று காலையில் ஒரு மாணவி கேட்டார். சாம்பிளிங், ரிக்ரஷன் எல்லாம் இங்கேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய மென்பொருளை என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. புதுசு வந்தால் பழசைத் தூக்கிப் போட வேண்டியதுதானே என்று தோன்றும்.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். கள ஆய்வுக்காக 300 வீடுகளை ஆர் மென்பொருளில் குலுக்கல் முறையில் எடுத்திருந்தார் ஓர் இளைஞர். புரோகிராமையும், 'சீட்' எனப்படும் தொடக்க எண்ணையும் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தார். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வீடுகள் வர வேண்டும். இரண்டு வருடம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர், "எங்கே, மறுபடி எடுத்துக் காட்டுங்க" என்றார். ஓட்டினால் வேறு 300 வீடு வருகிறது! "தம்பி, வசதியான வீடா பார்த்து நீயே பொறுக்கிட்டியா?" என்று கேட்டேவிட்டார் மேலதிகாரி.

நடந்தது இதுதான். 2019 ஏப்ரலில் வந்த ஆர் 3.6.0-வில், சாம்பிள் எடுக்கும் கணக்கையே மாற்றிவிட்டார்கள். மிகப் பெரிய பட்டியல்களில் எல்லா எண்ணுக்கும் சமவாய்ப்பு கிடைக்காத குறை பழைய முறையில் இருந்தது, திருத்தியது நியாயமே. ஆனால் தொடக்க எண் அதேயானாலும் பழைய பட்டியல் வராது. இடையில் கம்ப்யூட்டர் பிரிவினர் எல்லா மெஷினிலும் புதியதைப் போட்டுப் பழையதை நீக்கியிருந்தார்கள். 3.5-ஐ மறுபடி இறக்கி ஓட்டியதும் 300 வீடும் வரிசை மாறாமல் வந்தன. (புதிய வெர்ஷனிலேயே பழைய முறையைக் கேட்டு வாங்கவும் வழி உண்டு.) அதுவரை அந்தத் தம்பி பட்ட பாடு!

ஆர் இலவசம், பழைய வெர்ஷன்களும் இணையத்தில் கிடைக்கின்றன, தப்பித்தோம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் லைசென்ஸ் முடிந்தால் பழையதும் போச்சு. எஸ்.பி.எஸ்.எஸ். 15 வரை சேமித்த அவுட்புட் ஃபைல்களை, 2007-இல் வந்த 16 நேரடியாகத் திறக்காது. தனியாக ஒரு வியூவர் போட வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஸ்டேட்டாதான். புரோகிராமின் தலையில் 'வெர்ஷன் 12' என்று ஒரு வரி எழுதினால், புதிய ஸ்டேட்டாவும் அந்தக் கட்டளைகளைப் பழைய மாதிரியே படிக்கும்.

விண்டோஸில் ஒவ்வொரு ஆர் வெர்ஷனும் தனி ஃபோல்டரில் உட்காரும். ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. ஆனால் பேக்கேஜ்களுக்கும் வெர்ஷன் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். 'செஷன் இன்ஃபோ' என்று ஒரு கட்டளை கொடுத்தால் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் தரும். அதை அறிக்கையோடு சேர்த்து வையுங்கள், அரை நிமிட வேலை.

கம்ப்யூட்டர் பிரிவினர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆர் 4.4.0-க்கு முந்தைய வெர்ஷன்களில், முன்பின் தெரியாதவர் அனுப்பும் டேட்டா ஃபைலைத் திறந்தாலே அதற்குள் ஒளிந்திருக்கும் கட்டளை ஓடிவிடக்கூடிய ஓட்டை இருந்தது. 2024-இல்தான் அடைத்தார்கள். ஆகவே எல்லார் மேஜையிலும் பழையது வேண்டாம். நெட்வொர்க்கோடு சேராத ஒரே ஒரு மெஷினில் வைத்து, பழைய கணக்கைச் சரிபார்க்க மட்டும் திறந்தால் போதும். எத்தனை வருஷத்துக்கு? அந்த அறிக்கையின் ஃபைலை அலுவலகம் எத்தனை வருஷம் வைத்திருக்கிறதோ, அத்தனை வருஷம்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மாணவர்கள் லேபுக்கு வாருங்கள். 3.5, 3.6 இரண்டையும் ஒரே மெஷினில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரே தொடக்க எண்ணை இரண்டிலும் கொடுத்து நீங்களே பாருங்கள்.