பொட்டலத்தில் மறைந்த உப்பு



2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது நம் இல்லங்களில் வந்து சேர்ந்த பொருள்களை நினைவுகூருங்கள். அரிசியும் பருப்பும் மட்டுமல்ல. நூடுல்ஸ், சிப்ஸ், பிஸ்கட், ரொட்டி, புட்டியில் அடைத்த ஊறுகாய் ஆகியனவும் குவிந்தன. காய்கறிக் கடைக்குச் செல்ல அஞ்சிய முதியோர்க்கு அவை அன்று உதவின என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அவற்றோடு சேர்த்து வாங்கிய உப்பைக் கணக்கிட்டவர் மிகச் சிலரே.

வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சாம்பார், பொரியல், மோர் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும்.

உப்பிலுள்ள சோடியம் குருதியில் மிகும்போது, அதன் செறிவைக் குறைப்பதற்காக உடல் நீரைத் தேக்கிவைக்கிறது. குருதியின் அளவு கூடவே, குழாய்ச் சுவர்களின்மீது அழுத்தம் ஏறுகிறது. நாளடைவில் இதயமும் சிறுநீரகமும் நலிகின்றன. மூளையின் குருதிக்குழாய் அடைபடவோ வெடிக்கவோ கூடும். இவ்வளவும் நிகழ்கையில் பலருக்கு வலியே தோன்றுவதில்லை. அளந்து பார்த்தாலன்றித் தெரியாத நோய் இது. அந்நாளிலோ, அளந்து பார்க்க மருத்துவமனைக்குச் செல்லவே மக்கள் அஞ்சினர், நடைப்பயிற்சியும் நின்றது. இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றையுடைய முதியோரையே கொரோனா கடுமையாகத் தாக்கியது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள்.

ஊறுகாயை நான் அவ்வளவாகக் குறைகூறேன். அதன் உப்பை நாக்கே சொல்லிவிடும். இனிக்கும் பிஸ்கட்டும் சாதுவான ரொட்டியுமே ஏமாற்றுவன. சமையற் சோடாவிலும் அப்பளக்காரத்திலும் உள்ளது சோடியமே. நாக்கு அதனை உப்பென்று உணராது.

ஆகவே பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். அங்கே குறித்துள்ள சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமுக்குச் சோடியம் 1,000 மில்லிகிராம் என்று எழுதியிருக்க, பொட்டலத்தின் எடை 70 கிராம் என்று கொள்வோம். அதில் சோடியம் 700 மில்லிகிராம். உப்புக் கணக்கில் 1.75 கிராம். ஒரு நாளைய அளவில் மூன்றிலொரு பங்குக்குமேல் ஒரு சிற்றுண்டியிலேயே தீர்ந்துவிட்டது! ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்குத்தான். வீட்டுப் பிள்ளையிடமே கொடுத்துப் பாருங்கள்.

நூடுல்ஸுடன் வரும் மசாலைத் தூளில் பாதியை மட்டும் இடலாம். சில வாரங்களில் நாக்குப் பழகிவிடும். சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரக நோயுடையோரும், இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் அதனை வாங்கலாகாது.