தண்டனை போதாது என்கிறோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடந்த சொற்பொழிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் சட்டம் பயின்றவரல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இருபத்துமூன்று ஆண்டுகளாகப் பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதி வருகிறோம். செயலாளர் இத்தலைப்பைக் கொடுத்தபோது, “வழக்கறிஞர் ஒருவர் சங்கத்திலேயே இருக்க, நம்மை ஏன் அழைக்கிறீர்கள்?” என்று கேட்டோம். “நீர் ஒருமுறை சாட்சிக் கூண்டு வரை போய் வந்தவராயிற்றே!” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அது நம்மை உறுத்திற்று. ஆகவே வந்தோம்.

மாலையில் நம் காலனித் திண்ணைகளில் நடக்கும் பேச்சை யாவரும் அறிவோம். பிடித்த திருடனை மறுநாளே விட்டுவிடுகிறார்கள். கொலை செய்தவன் சிறையில் சுகமாகச் சாப்பிடுகிறான். பறிகொடுத்தவனை யாரும் கேட்பதில்லை. கீழ்வீட்டு மாமி ஒருநாள், “குற்றவாளிக்கு உரிமை எதற்கு? பாதிக்கப்பட்டவர்களுக்கல்லவா உரிமை வேண்டும்?” என்று கேட்டார். அந்தக் கோபத்தை நாம் குறைவாக எண்ணவில்லை. 2024 மே மாதம் புனே நகரில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஓட்டிய விலையுயர்ந்த கார் மோதி இளம் பொறியாளர் இருவர் மாண்டனர். அன்றே அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. அதற்கு விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, சாலை விபத்துக்களைப் பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுவது. நாடே கொதித்தது; நாமும் கொதித்தோம். அக்கட்டுரையே தண்டனை என்று நம்மிற் பலர் எண்ணினோம். அது ஜாமீன் நிபந்தனைதான். விசாரணையே அப்போது தொடங்கவில்லை. சில நாட்களில் அவனைக் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம், அவ்வாறு வைத்திருந்தது சட்டப்படி செல்லாதென்று விடுவித்தது. ஜாமீன் என்பது வேறு, தண்டனை என்பது வேறு என்பதை நாம் கற்ற இடம் புனே அன்று, நம் காலனியேயாகும்.

2018-ஆம் ஆண்டு மழைக்காலம் பலருக்கு நினைவிருக்கும். குழாய்த் திருகுகள் போயின, சமையல் வாயு உருளை போயிற்று, பள்ளிக்குச் செல்லும் பெண்ணொருத்தியின் சைக்கிளும் போகவிருந்தது. அவள் தந்தை சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய சைக்கிள் அது. இரவு இரண்டு மணிக்குக் கூச்சல் கேட்டு ஓடினோம். இருவர் அகப்பட்டனர். ஒருவன் கொஞ்சம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை. மற்றவன் தண்டவாளத்துக்கு அப்பாலுள்ள குடிசைப் பையன், பத்தொன்பது வயதிருக்கலாம். மின்கம்பத்தில் கட்டினோம். அடித்தவர்கள் யார் யார் என்று இங்கே கேட்க வேண்டாம். நம் கையும் ஓங்கிற்று.

மூன்றாம் நாள் வசதியுள்ளவன் தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தான். காலனி முழுவதும் அதே பேச்சு. “பார்த்தீர்களா சட்டத்தின் இலட்சணத்தை!” என்றோம். மற்றவன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்கும் ஜாமீன் உத்தரவாகியிருந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் இருவர் வேண்டும். குடிசைப் பகுதியில் சொத்துச் சான்று காட்ட யாரிருக்கிறார்கள்? கையில் உத்தரவு இருந்தும் அவன் உள்ளேயே இருந்தான்.

நமக்கும் எதிர்வீட்டு நண்பருக்கும் சம்மன் வந்தது. முதல் முறை நாம் போகவில்லை. கையிலிருந்த தற்செயல் விடுப்பைத் தீபாவளிக்கு ஊர் செல்வதற்கென்று வைத்திருந்தோம். இரண்டாம் முறை போய் மாலை நான்கு மணி வரை மரத்தடியில் நின்றோம்; அன்று வழக்கை எடுக்கவில்லை. அந்தக் கசப்பில் மூன்றாம் முறையும் போகவில்லை. சாட்சி வராததால் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவனை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, திரும்பவும் ஏற்றிக் கொண்டுபோனார்கள். கோர்ட்டுகள் ஆமை வேகத்தில் நடப்பதாக நாமே பேசித் திரிந்த மாதங்கள் அவை. வசதியுள்ளவனோ சில வாய்தாக்களுக்குப் பின் வருவதையே நிறுத்திவிட்டான். அவனுக்கு வாரண்டு பிறந்தது.

2019 ஆகஸ்டில் நான்காம் சம்மனுக்குப் போனோம். தாழ்வாரத்தில் போலீஸ்காரர் பக்கத்தில் அவன் குந்தியிருந்தான். இளைத்திருந்தான். நம்மை அடையாளங்கண்டு எழுந்து, இந்தியில், “ஐயா, இன்றைக்காவது வந்தீர்களே” என்றான். அதில் குத்தல் ஏதுமில்லை. மெய்யாகவே மகிழ்ந்து சொன்னான். சற்றுத் தள்ளி நின்ற அவன் தாய் நமக்குக் கும்பிடு போட்டாள்.

நம்மைக் கூண்டுக்கு அழைக்கும் முன்பே காரியம் முடிந்துவிட்டது. அரசு செலவில் வைத்த வக்கீல் அவனிடம் ஏதோ சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றே வீடு போகலாம். மறுத்தால் இன்னும் எத்தனை வாய்தாவோ. ஒப்புக்கொண்டான். சிறையிலிருந்த பதின்மூன்று மாதத்தையே தண்டனையாக விதித்து விடுவித்தார்கள். அன்று மாலை நம் திண்ணையில், “திருட்டுக்கு மூன்றாண்டு வரை உண்டே, பதின்மூன்று மாதந்தானா?” என்று பேச்சு நடந்தது. நாம் வாய் திறக்கவில்லை.

திறந்திருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை இன்று சொல்கிறோம். அன்றிரவு சைக்கிளின் கைப்பிடியைப் பற்றியிருந்தது வசதியுள்ளவன் கை. குடிசைப் பையன் பத்தடி தள்ளிச் சுவரோரம் நின்றான். அவன் கூட்டாளியாக வந்தானா, காவலுக்கு நின்றானா, வேறெதற்கோ நின்றானா, நமக்குத் தெரியாது. கண்ட அளவைச் சொல்லும் கடமை நம்முடையதாக இருந்தது. முதல் சம்மனுக்கே சொல்லியிருந்தால் நீதிபதி என்ன முடிவு செய்திருப்பார் என்பது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

இவன் ஒருவன் கதையாக இருந்தால் இத்தனை நேரம் எடுத்துக்கொள்ள மாட்டோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள்; நான்கில் மூன்று பங்கு. நாம் ‘தண்டனை போதாது’ என்று பேசும்போது, தண்டனை இன்னதென்றே முடிவாகாமல் உள்ளே இருப்பவர்கள் இத்தனை பேர். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி, மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக மற்றவற்றில், முதன்முறை சிக்கியவன் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் அவனைப் பிணைப் பத்திரத்தின் பேரில் விட வேண்டும். வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் அச்சலுகை இல்லை. சிறைக் கண்காணிப்பாளரே அதைக் கோர்ட்டுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நம் பையனுக்குக் கணக்கிட்டால் பன்னிரண்டு மாதம். அவன் காலத்தில் அது பாதியாக, அதாவது பதினெட்டு மாதமாக இருந்தது.

மாமியின் கேள்விக்கு வருவோம். கைதானவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும், விரும்பிய வக்கீலோடு பேசவிட வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. (பயண நேரம் அக்கணக்கில் சேராது, ரயில்வேக்காரர்களாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) இவற்றிற் பெரும்பாலானவை, அவன் குற்றவாளியா அல்லவா என்பது தெரியுமுன் உள்ள காலத்துக்கு உரியவை. அக்காலத்தில் உரிமையில்லை என்றால் என்ன நேரும் என்பதற்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டாம். சில மணி நேர ரயில் பயணத்தில் பாகல்பூர் இருக்கிறது. 1979, 1980-ஆம் ஆண்டுகளில் அங்கே போலீசார் முப்பதுக்கு மேற்பட்டோரின் கண்களைக் குத்தி அமிலம் ஊற்றிக் குருடாக்கினர். அவர்களுட் பலர் விசாரணைக் கைதிகள். நம் தந்தையார் அப்போது இப்பகுதியில் கார்டாகப் பணியாற்றினார். “இனிக் கொள்ளை குறையும்” என்று வண்டியில் வந்தவர்கள் மனநிறைவோடு பேசக் கேட்டதாகச் சொல்வார். அதையொட்டி எழுந்த வழக்கில்தான், வறியவனுக்கு மாஜிஸ்ட்ரேட் முன் முதன்முதல் நிறுத்தப்படும்போதே அரசு செலவில் வக்கீல் தர வேண்டுமென்று உச்சநீதிமன்றம் உரைத்தது. நம் பையனுக்கு வாய்த்த வக்கீல் அவ்வழியே வந்தவர்தாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவரைக் கெடுத்துக் கொன்றதாகக் கைதான நால்வரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். மக்கள் போலீசார்மீது பூத்தூவினர். நம் காலனியிலும் கைப்பேசியில் அப்படத்தைக் காட்டி மகிழ்ந்தோம். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை எண்ணினால் அம்மகிழ்ச்சி விளங்காததன்று. அடுத்த மாதமே நம் ஆண்டு விழாவில் குழந்தைகள் சிலப்பதிகார நாடகம் போட்டார்கள். பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரியாமல் கோவலனைக் கொன்ற பாண்டியன் முன் கண்ணகி நின்றபோது, முதல் வரிசையில் இருந்த நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளியாயிற்று. கொல்லும் நோக்கத்தோடே போலீசார் சுட்டனர் என்றும், நால்வருள் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் அது கூறிற்று. அக்கொடுமையைச் செய்தவர்கள் அவர்கள்தாமா என்பதை இனி எந்தக் கோர்ட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

நேரம் ஆகிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை நம் காலனியைச் சேர்ந்த இருவருக்கு, வேறொரு திருட்டு வழக்கில், சாட்சிச் சம்மன் இருக்கிறது. ஒருவர் இப்போதே விடுப்பு இல்லை என்கிறார். அவருடைய மேலதிகாரியிடம் பேச நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அன்று நாமும் உடன் போகிறோம். காலை 8-40 பாசஞ்சரில் போனால் பத்தரைக்குக் கோர்ட்டு வாசலில் இருக்கலாம். வர விரும்புவோர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.