துண்டுக்குள் நடக்கும் பேரம்



கார்த்திகை தீபத்தன்று ஜனங்கள் மலையைப் பார்க்கிறார்கள். நம் மாட்டுச் சந்தையிலே விவசாயி தரகர் கையைப் பார்த்து நிற்கிறான். கையோ துண்டுக்குள் இருக்கிறது! எந்த விரலுக்கு எத்தனை ஆயிரம் என்பது விரல் பிடித்த இருவருக்கே வெளிச்சம். மாட்டை வளர்த்த அம்மாள் காதில் விழுவது கடைசித் தொகைதான். இடையிலே நின்றது எவ்வளவு? கேட்டால், "சந்தை வழக்கம்" என்பார்கள்.

மணிலாக் கொட்டைக்கு 1933-லேயே சென்னை மாகாணத்தில் சந்தைச் சட்டம் வந்தது. விற்பனைக் கூடத்தில் எடை உண்டு, ஏலம் உண்டு, சீட்டு உண்டு. கறவை மாட்டுக்கு? துண்டு!

2017 மே மாதம் மத்திய அரசு விதி போட்டதே என்பீர்கள். அது சந்தையில் இறைச்சிக்கு விற்பதைத் தடுக்கப் பார்த்தது, துண்டைத் தொடவில்லை. மடி வற்றிய மாட்டை விற்காமல் அடுத்த மாட்டுக்குப் பணம் ஏது? மே 30-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டது.

நாம் கேட்பது பெரிதல்ல. விலையை வாய்விட்டுச் சொல், சீட்டில் எழுது. தரகர்களிலும் ஏழைகள் பலர், அவர்களோடு நமக்குச் சண்டையில்லை. தரகு இவ்வளவென்று பலகையில் எழுதி வாங்கட்டும். மனு தயாராயிருக்கிறது. மாடு வைத்திருக்கும் பெண்கள் முதலில் கையெழுத்திடட்டும்.