தலை சாய்க்க ஓர் இடம்

(பங்கின் பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் வின்சென்ட் தே பவுல் சபையின் சார்பில் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் நம் முன்னோர் எழுப்பிய சுவர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசிய பெரியவர்கள் அதை நிறைவாகவே செய்துவிட்டார்கள். ஆகவே, சுவரே இல்லாதவர்களைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்தது. பெயர் சொல்ல மாட்டேன். கணவர் வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மனைவி மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர். வயதான மாமியார், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். நான்கு மாத வாடகை நின்றது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அறைக்குப் புதுப் பூட்டு. பாத்திர பண்டங்கள் திண்ணையில் கிடந்தன. சில வாரங்கள் உறவினர் வீட்டு மொட்டை மாடி, பிறகு கடைவாசல். இப்படித்தான் ஒரு குடும்பம் வீடற்றதாகிறது. குடித்தோ சூதாடியோ அல்ல, ஒரே ஒரு விபத்தினால்!

அப்படிப் பூட்டுப் போட வீட்டுக்காரருக்கு உரிமை உண்டா? இல்லை. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. வேறு உடன்பாடு இல்லையென்றால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் இந்தச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கேட்கிறது. வாய்ப்பேச்சில் குடிபோன ஏழைக்கு அதன் பாதுகாப்பு எளிதில் எட்டுவதில்லை. இக்கூட்டத்தில் வீட்டு உரிமையாளர்களும் இருக்கிறீர்கள், குடித்தனக்காரர்களும் இருக்கிறீர்கள். இருவரும் எழுதிக்கொள்ளுங்கள், பதிவும் செய்யுங்கள். அது இருவருக்கும் நல்லது.

நாங்கள் அந்தக் குடும்பத்தைச் சந்தித்தபோது அந்தத் தாய் சொன்னது இதுதான்: "ஐயா, நாங்க பிச்சை கேக்கல. புள்ளைங்க படிப்பு நிக்காம இருக்க ஒரு இடம் கேக்குறோம்."

முதலில் மாநகராட்சியின் காப்பகத்தை நாடினோம். நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம், ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. சென்னையில் அத்தகைய காப்பகங்கள் பல உள்ளன. படுக்க இடமும் உணவும் இலவசம். ஆனால் நாங்கள் போன இடத்தில் பெண்களையும் பிள்ளைகளையும் மட்டுமே சேர்ப்பார்கள். நடக்க முடியாத கணவர் வேறோர் இடத்துக்குப் போக வேண்டும். அவரைத் தனியே விட மனைவிக்கு மனம் வரவில்லை. கடைசியில் சபையின் சிறு நிதியிலிருந்து முன்பணம் கொடுத்து, ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தோம்.

பிறகு தொடங்கியது அலுவலகப் படிகள். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய வாரியத்துக்கு விண்ணப்பித்தோம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாளிலும் மனு கொடுத்தோம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று, சொந்த வீடு இல்லை என்ற உறுதிமொழி ஆகிய எல்லாம் கேட்டார்கள். வீடு இல்லாதவனுக்கு விலாசம் இல்லை. விலாசம் இல்லாதவனுக்குக் காகிதம் கிடைப்பது அரிது. காகிதம் இல்லாதவனுக்கு வீடு இல்லை. இந்த வட்டத்தில் சிக்கி எத்தனையோ பேர் பாதியில் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தாயோ தெருவில் கிடந்த நாட்களிலும் குடும்ப அட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பிலேயே வைத்திருந்தார். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

ஓராண்டுக்கு மேல் அலைந்த பின் பெரும்பாக்கத்தில் ஒரு வீடு ஒதுக்கப்பட்டது. பயனாளியின் பங்குத்தொகையைத் தவணையில் கட்டினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வடசென்னையிலிருந்து அது ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மனைவி மூன்று வீட்டு வேலையையும் இழந்தார். மூத்த மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் வரை இங்கே பாட்டியோடு அந்த வாடகை அறையில் தங்க நேர்ந்தது. வீடு வந்தது, குடும்பம் இரண்டாயிற்று.

பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்று கூறியது. வேலைக்கு அருகில் இருப்பதற்காகவே ஏழை நடைபாதையில் படுக்கிறான் என்பதை அந்தத் தீர்ப்பு உணர்ந்திருந்தது. வீட்டையும் பிழைப்பையும் பிரித்துப் பார்ப்பது தவறு என்பதற்கு இக்குடும்பமே சாட்சி.

நாம் என்ன செய்யலாம்? மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: பொன்விழா நிதியில் ஒரு பகுதியை வாடகை முன்பணக் கடன் நிதியாக ஒதுக்குவோம். வட்டி வேண்டாம், தவணையில் திரும்பட்டும். வாடகை நின்ற முதல் மாதமே உதவினால் தெருவுக்கு வரும் நிலையைத் தடுக்கலாம். தெருவுக்கு வந்தபின் ஆகும் செலவு பன்மடங்கு.

இரண்டு: அலுவலகங்களுக்கு உடன் செல்ல, படித்த இளைஞர்கள் பத்துப் பேர் பெயர் கொடுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்று: காலி அறை வைத்திருப்போர், பிள்ளைகள் அதிகம், ஆள் கூலி வேலைக்காரர் என்று சொல்லிக் கதவை மூடாதீர்கள். பெத்லகேமில் இடமில்லை என்றவரும் தம் மனத்தில் ஏதோ ஒரு நியாயம் வைத்துத்தான் சொல்லியிருப்பார்.

அந்த மகன் தேர்வில் தேறிவிட்டான். இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பயிற்சி பெறுகிறான். குடும்பம் மீண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. தாய்க்குப் பெரும்பாக்கத்தை அடுத்த அடுக்குமாடி வீடுகளில் வேலை கிடைத்திருக்கிறது, முன்னைவிடக் குறைந்த கூலிக்கு.

கூட்டம் முடிந்ததும் வாசலருகே ஒரு மேசையில் நம் சபையினர் பெயர்ப் பதிவேட்டோடு இருப்பார்கள். விருந்துக்குச் செல்லுமுன் அங்கே ஒரு நிமிடம் நிற்குமாறு கேட்டு அமர்கிறேன்.