வண்ணப் பின்னலும் வீட்டுப் பெண்களின் கூலியும்

(ஓசூர் வட்டாரச் சிற்றூர் ஒன்றில், மகளிர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் நம் பகுதியின் முகமே மாறிவிட்டது. விடியுமுன் பேருந்துகள் சிற்றூர்களுக்கு வந்து பெண்களை ஆலைகளுக்கு அழைத்துச் செல்கின்றன. ஆயினும் கறவை மாட்டையும் கைக்குழந்தையையும் முதிய மாமியாரையும் விட்டு நகர முடியாத பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கேழ்வரகு அறுவடையும் மாம்பழப் பருவமும் முடிந்தால் அவர்கள் கையில் காசு புரள வழியில்லை. அத்தகையோர் வீட்டிலிருந்தே செய்யத்தக்க ஒரு கைத்தொழிலையும், அதில் ஏமாறாதிருக்கும் வழியையும் சொல்லவே இங்கு வந்தேன்.

கொக்கி ஊசி ஒன்றும் நூற்கண்டு ஒன்றும் கொண்டு பின்னும் குரோஷாவை நீங்கள் அறிவீர்கள். அதில் ‘மொசைக்’ என்னும் வண்ணப் பின்னல் ஒரு வகை. இரட்டை ஊசிப் பின்னலில் இந்தப் பெயரைப் பரப்பியவர் பார்பரா வாக்கர் என்னும் அமெரிக்க அம்மையார். 1976ஆம் ஆண்டில் அவர் இதற்கெனத் தனி நூலே வெளியிட்டார். பின்னர் அம்முறை குரோஷாவுக்கும் வந்தது.

வண்ண வேலை என்றதும் பல நூல்களை ஒருங்கே கையாள வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே நூல்தான் கையில் இருக்கும். சிவப்பு நூலால் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை; அடுத்து வெள்ளை நூலால் அவ்வாறே இரண்டு வரிசை. வெள்ளை வரிசையில் எங்கே சிவப்பு தெரிய வேண்டுமோ, அங்கே ஒரு தையலைப் பின்னாமல் விட்டு, இரண்டு சங்கிலி போட்டுத் தாண்டுங்கள். திரும்பி வரும்போது தையல்மேல் தையலும் சங்கிலிமேல் சங்கிலியுமாக வாருங்கள். மறுபடி சிவப்பு நூலை எடுக்கும்போது, அச்சங்கிலிகள் பின்புறம் இருக்க, கீழே விட்ட சிவப்புத் தையலில் ஊசியை நுழைத்து நெடுந்தையல் போடுங்கள். அது வெள்ளை வரிசையின்மேல் ஏறி நின்று கோலத்தைக் காட்டும். நூலை அறுக்க வேண்டியதில்லை; அது ஓரத்திலேயே மேலேறி வரும்.

கோலம் போடத் தெரிந்தவருக்கு இதன் மாதிரியை வரைவதும் எளிது. கட்டத்தாளில் ஒரு வரி சிவப்புக்கும் அடுத்த வரி வெள்ளைக்கும் உரியது. ஒரு கட்டம் ஒரு தையல். விதி ஒன்றே: வெள்ளை வரியில் ஒரு கட்டம் சிவப்பானால், அதன் நேர் கீழும் நேர் மேலும் உள்ள கட்டங்களும் சிவப்பாகவே இருத்தல் வேண்டும். சிவப்பு வரியில் வெள்ளைக்கும் இவ்வாறே. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் நம் எல்லைப் பகுதியில் இத்தாளுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். அச்சிட்ட மாதிரிகளைப் பார்ப்போர் மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள்: அமெரிக்கர் ‘சிங்கிள்’ என்பதையே ஆங்கிலேயர் ‘டபிள்’ என்பர். இதை அறியாமல் பின்னினால் அளவு கெடும்.

நூல் வாங்குமுன் இரண்டு சோதனைகள் அவசியம். இரு கண்டுகளையும் சேர்த்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தால் கோலம் எடுபடாது. பிறகு ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அந்நூல் உதவாது.

இனி, தொழிலைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாபுரம் குரோஷா லேசுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே பெண்கள் பின்னிய லேசு கடல் கடந்து சென்றது, வணிகர் செழித்தனர். ஆனால் மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அப்பெண்களைப் பற்றி 1982இல் வெளியிட்ட நூல் ஓர் உண்மையை உலகுக்குக் காட்டியது. நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தும் அவர்களுக்குக் கிடைத்தது அற்பக் கூலியே. காரணம், அவர்கள் தொழிலாளராகவே கருதப்படவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள் என்பதே எல்லோருடைய எண்ணமும்.

அந்த எண்ணம் நம் ஊரிலும் இல்லையா? ஒரு மெத்தையுறை பின்ன இருபது மணி நேரம் ஆகிறது, நூல் விலை போக முகவர் இருநூறு ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்குப் பத்து ரூபாய்! களையெடுக்கப் போனால் என்ன கூலி கிடைக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

ஆகவே பின்னல் கற்கும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ள வேண்டும். தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், செலவான நூல் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். நூல் விலையோடு மணிக்கணக்கான கூலியைச் சேர்த்தால் வருவதே அடக்க விலை. அதற்குக் கீழே கேட்பவருக்கு விற்காதீர்கள். தனியொருத்தி மறுத்தால் வியாபாரி அடுத்த வீட்டுக்குப் போவார்; குழுவே மறுத்தால் நின்று பேசுவார். கட்டுபடியாகும் விலை எங்குமே கிடைக்காவிட்டால், தொழிலைப் பெருக்காமல் வீட்டுத் தேவையோடு நிறுத்திக்கொள்வதே நலம்.

குழுவாய்ச் சேர்வது நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989ஆம் ஆண்டில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதன்முதல் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்திலேதான். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை நாமும் அதில் அடங்கியிருந்தோம். மாநிலத்துக்கே வழிகாட்டிய மண் இது.

ஊராட்சிப் பெரியோர்களை ஒன்று வேண்டுகிறேன். நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறையைப் பிற்பகலில் இவர்களுக்கு ஒதுக்குங்கள். நுண்வேலைக்கு முதல் எதிரி இருட்டு. உழவர் பெருமக்களுக்கும் ஒரு சொல்: மனைவி ஊசியோடு அமர்ந்திருக்கும் நேரத்தை ஓய்வு என்று எண்ணாதீர்கள். நீங்கள் ஏர் பிடிக்கும் நேரத்தை யாராவது பொழுதுபோக்கு என்றால் பொறுப்பீர்களா?

பின்னலின் கணக்கு தப்பினால் பிரித்துத் திரும்பப் பின்னலாம். உழைப்பின் கணக்கு தப்பினால் போன நாள் திரும்பி வராது. இரண்டு கணக்கையும் நம் பெண்கள் கற்கட்டும்.