பெட்டியில் வண்ணத்துக்கும் கொஞ்சம் இடம் வையுங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுத்தவளிடம் பத்து நிமிடம் என்று சொல்வது அவருடைய துணிச்சல்.

நம் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகளில் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது நாமும் ஆறு மாதம் போய்விட்டு வருகிறோம். திரும்பி வந்ததும் என்ன செய்கிறோம்? லிஃப்டில் பார்ப்பவரிடம் போனை நீட்டி அருவியைக் காட்டுகிறோம், பாலத்தைக் காட்டுகிறோம். போனில் மூவாயிரம் படம் இருக்கும். "இது எந்த ஊர்?" என்று கேட்டால், "இருங்க, பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்போம்.

நான் வரைய ஆரம்பித்தது அதனால்தான். ஒரு மரத்தை இருபது நிமிடம் உட்கார்ந்து வரைந்துவிட்டால் அது எந்த ஊர் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அன்று அடித்த காற்று, பக்கத்துப் பெஞ்சில் அழுத குழந்தை, எல்லாம் அந்தத் தாளோடு சேர்ந்து வந்துவிடுகிறது. படம் நன்றாக வந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

"இந்த வயசுல எங்க டீச்சர்?" என்று மூன்றாவது மாடி அண்ணன் கேட்டார். அவருக்காக ஒரு வெள்ளைக்காரரின் கதை. எட்வர்ட் லியர் என்ற ஆங்கிலேயர். குழந்தைகளுக்கு வேடிக்கைப் பாட்டு எழுதியவர் என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். விக்டோரியா மகாராணிக்கே 1846ல் ஓவியம் சொல்லிக் கொடுத்தவர். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு அழைத்ததால் 1873 நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 61. வலிப்பு நோய் உண்டு, கண் பார்வையும் மங்கல். ஆனாலும் ஒரு வருடத்துக்கு மேல் நாடு முழுக்கச் சுற்றினார். 1874ல் நம் பக்கம் வந்து காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சி, தஞ்சாவூர் எல்லாம் வரைந்தார்.

அவர் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள், நமக்கு ரொம்ப உதவும். இடத்தில் உட்கார்ந்து பென்சிலால் மட்டும் சீக்கிரமாகக் கோடு போட்டுக்கொள்வார். இந்த இடத்தில் இந்த நிறம் என்று படத்துக்குள்ளேயே எழுதிவைப்பார். ஊர்ப் பெயரும் தேதியும், சில நேரம் மணிகூட எழுதியிருப்பார். தங்குமிடம் திரும்பிய பிறகோ, இன்னும் பல நாள் கழித்தோ, பென்சில் கோட்டின் மேல் மையால் வரைந்து லேசாக வண்ணம் தீட்டுவார். மருமகள் காரில் ஹாரன் அடித்துக்கொண்டு காத்திருக்கும்போது வரைய இதைவிட நல்ல வழி இல்லை.

அவருக்கும் முன்பே, 1792ல், தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் தெற்கே வந்திருக்கிறார்கள். நமக்கு வடமேற்கே இருக்கிற ராயக்கோட்டை மலைக்கோட்டையை, தஞ்சைப் பெரிய கோயிலை, பாபநாசம் அருவியை அவர்கள் வரைந்த படங்கள் லண்டனில் அச்சாகி வெளிவந்தன. அந்த அருவியைப் பார்த்தவர்கள், அந்தப் படத்தையும் தேடிப் பாருங்கள்.

வெள்ளைக்காரர் கதையே எதற்கு என்பீர்கள். நம் ஆட்களில் சில்பியை மறக்க முடியுமா? நாமக்கல்லில் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ஆனந்த விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக ஊர் ஊராகப் போய், சிலைக்கு முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்து வரைந்தார். என் அம்மா அந்தப் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தார். ஓவியர் மணியமும் இருக்கிறார். 'பொன்னியின் செல்வன்' எழுதுவதற்காகக் கல்கி இலங்கைக்குப் போனபோது கூடவே போய், இடங்களைக் கண்ணால் பார்த்து வரைந்தவர். வெளிநாடு போய் வரைவது நமக்கு ஒன்றும் புதிதில்லை.

இனி பெட்டி விஷயம். தைலவண்ணம் வேண்டாம். அதற்கு டர்பன்டைன் வேண்டும், அது எளிதில் தீப்பிடிப்பது, விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். வாட்டர் கலரில் அந்தத் தொல்லை இல்லை. நிறப்பொடியும் வேலமரத்துப் பிசினும்தான் முக்கியச் சரக்கு. காய்ந்த கேக் கலர் என்றால் கைப்பையிலேயே வைக்கலாம். ட்யூப் என்றால் 100 மில்லி விதிக்குள்தான் வரும், ஆனாலும் கேள்வி கேட்பார்கள். பென்சில் சீவும் கத்தியை மட்டும் பெரிய பெட்டியில் போடுங்கள்.

முப்பத்தாறு நிறம் உள்ள டப்பாவை வாங்காதீர்கள். ஆறு நிறம் போதும். எனக்கு இரண்டே நிறம் கொடுத்தாலும் சமாளிப்பேன். ஒன்று அல்ட்ராமரைன் நீலம், இன்னொன்று பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு. இரண்டையும் கலந்தால் சாம்பல் வரும். நீலம் கூடினால் மழை மேகம், பழுப்பு கூடினால் நம் மலைப்பாறை. காசைத் தாளில் போடுங்கள். 300 ஜிஎஸ்எம் கனம் இருந்தால் தண்ணீர் பட்டாலும் நெளியாது. சார்ட் பேப்பரில் வரைந்துவிட்டு "எனக்கு வரவில்லை" என்று சொல்பவர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஊருக்கு ஊர் தண்ணீரின் குணம் மாறும். இங்கே சித்திரை வெயிலில் வானத்தின் இந்த முனையில் நீலம் தடவி அந்த முனைக்குப் போவதற்குள் ஆரம்பித்த இடம் காய்ந்து கோடு விழுந்துவிடும். நிழலில் உட்கார வேண்டும், தாளை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். குளிர்நாட்டில் நேர்மாறு. கால் மணி நேரம் ஆனாலும் காயாது, அவசரப்பட்டு நோட்டை மூடினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். கடும் பனியில் தாளிலேயே தண்ணீர் உறைந்து பூப்பூவாகப் படியும். அதற்குச் சிலர் தண்ணீரில் கொஞ்சம் மதுவைக் கலப்பார்களாம். நம் வீட்டில் அதைக் கேட்டுப் பார்க்கிற தைரியம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள்.

பல அருங்காட்சியகங்களில் பென்சிலால் வரைய அனுமதி உண்டு, தண்ணீருக்கும் பிரஷ்ஷுக்கும் இல்லை. வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அங்கே பகல் முழுக்க வீட்டில் ஆளிருக்காது. மகள் வேலைக்கு, பேரன் பள்ளிக்கு. என் வீட்டுக்காரர் இருந்தவரை இருவரும் பேசிக்கொண்டிருப்போம். அவர் போன பிறகு நான் தனியாகப் போன முதல் தடவை, காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. தெருமுனைப் பூங்காவில் நோட்டோடு உட்கார ஆரம்பித்தேன். நாலைந்து நாள் கழித்து ஒரு பாட்டி பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. என் படத்தில் காலியாக இருந்த ஓர் இடத்தை விரலால் தொட்டு, எதிரே இருந்த வெட்டிய அடிமரத்தைக் காட்டினார். கையை மேலே தூக்கி அது எவ்வளவு உயரம் இருந்தது என்றும் காட்டினார். நான் அந்த மரத்தையும் வரைந்தேன். அதற்குப் பிறகு தினமும் வந்தார். ஒரு நாள் ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்வது, விமான டிக்கெட் வரும்வரை காத்திருக்காதீர்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து நம் ஊரில் உட்கார்ந்து வரைகிறார்கள். கந்தாசிரமம் போகிற பாதையில் பாதி ஏறி நின்றால் பெரிய கோயில் முழுவதும் கோலம் போட்ட மாதிரி கீழே விரிந்திருக்கும். ராஜகோபுரம், அம்மணி அம்மன் கோபுரம், திருமஞ்சன கோபுரம், பே கோபுரம் நாலும் ஒரே பார்வையில் கிடைக்கும். சில்பி மாதிரி ஒவ்வொரு பொம்மையும் வரைய வேண்டாம். ராஜகோபுரத்துக்குப் பதினோரு நிலை, மேலே போகப் போகச் சிறுக்கிறது. அந்த அளவு சரியாக வந்தால் போதும். வெயில் படும் பக்கத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள். பையில் வாழைப்பழம் மட்டும் வேண்டாம், குரங்கு பழத்தோடு பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

அவ்வளவு தூரம் ஏற முடியாதவர்களுக்கு நம் பி பிளாக் மொட்டை மாடி இருக்கிறது. நாம் மலைக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் வெயில் நேராகப் பாறை மேல் விழுகிறது. ஆறு மணிக்கு ரோஜா நிறம், ஏழரைக்குள் வெறும் பழுப்பு. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது முழு மலையும் ஒரே கறுநீலம், அதை வரைய ஒரு பிரஷ் போதும்.

பக்கத்து மனையில் தூண் எழும்பிவிட்டதைப் பார்த்திருப்பீர்கள். நாலு மாடி என்று கேள்வி. மூன்றாவது மாடிக்குத் தளம் போட்டுவிட்டால் நம் மொட்டை மாடியிலிருந்து மலையின் அடிவாரம் மறைந்துவிடும், அடுத்த மாடியில் இடது தோளும் போகும். அவர்கள் மனை, அவர்கள் கட்டுகிறார்கள், அதில் சண்டை போட ஒன்றுமில்லை. முழு மலையும் தெரிகிறபோதே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படமாவது வரட்டும் என்பது என் ஆசை. நம் கூட்ட அறைச் சுவரில் மாட்டிவைக்கலாம் என்று தலைவரும் சம்மதித்திருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மொட்டை மாடிக்கு வாருங்கள். தாளும் பென்சிலும் நான் கொண்டுவருகிறேன், வண்ணப்பெட்டி நாலு இருக்கிறது, பகிர்ந்துகொள்ளலாம். உட்கார ஒரு பாயும், தண்ணீருக்கு ஒரு பழைய டம்ளரும் எடுத்து வாருங்கள். பிரஷ்ஷைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் யாரும் கழுவ வேண்டாம், பிளம்பர் ஏற்கெனவே கோபமாக இருக்கிறார்.